கோர்ட் விட்டது, வரி விடவில்லை: ஐ.பி. முடிந்தபின் வரும் வருமானவரி நோட்டீஸுக்கு எந்த வழி?

எங்கள் பக்கம் கடனில் முழுகிப் போனவரைப் பற்றிச் சொல்ல இரண்டு மொழியிலும் பேச்சு உண்டு. தெலுங்கில் ‘ஐ.பி. பெட்டினாடு’, தமிழில் ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்’. ஐ.பி. என்றால் கோர்ட்டில் போடும் நொடிப்பு மனு. ஆந்திர எல்லையோரத்து நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் தெருக்களில் தறிச் சத்தத்தோடு சத்தமாக இந்த இரண்டும் காதில் விழும். நூல் விலை ஏறினால் ஒருவர், துணி தேங்கினால் இன்னொருவர். எந்த மொழியில் சொன்னாலும் ஊர் கொள்ளும் பொருள் ஒன்றுதான்: ஆள் கோர்ட்டுக்குப் போய்விட்டான், இனிமேல் யாரும் அவனைக் கேட்க முடியாது.

கேட்க முடிகிற ஒருத்தர் இருக்கிறார். அவர் நிதானமாக, மூன்று நான்கு வருடம் கழித்து வருவார்.

தறிக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. எங்கள் சித்தப்பாவுக்கு வந்த ஒரு நோட்டீஸை வைத்துக்கொண்டு, இப்படி மாட்டிக்கொண்டவருக்கு எத்தனை வழி இருக்கிறது, எது யாருக்குப் பொருந்தும் என்று எழுதுகிறேன். கணக்குப் போட வசதியாகத் தொகைகளை மட்டும் முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

சித்தப்பா வாடகை ஷெட்டில் பன்னிரண்டு தறி ஓட்டிக்கொண்டிருந்தார். 1994 பாகப்பிரிவினையில் அவர் பங்குக்கு வந்த வீட்டின் பேரில் வங்கியில் கடன் வாங்கியிருந்தார். தவணை நின்றது. 2021-22 நிதியாண்டில் வங்கி வீட்டை 42 லட்சத்துக்கு ஏலம் விட்டு முழுப் பணத்தையும் கடனில் வரவு வைத்துக்கொண்டது. மிச்சக் கடன், நூல் கடை பாக்கி, கைமாற்று எல்லாவற்றுக்குமாக 2022-இல் ஐ.பி. போட்டார். 2025-இல், கடன்களிலிருந்து விடுவிக்கும் டிஸ்சார்ஜ் உத்தரவு வந்தது. அன்றைக்குத் திருத்தணி போய்ப் படியேறிவிட்டு வந்தார். நகரியிலிருந்து மலை பக்கம்தான். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். சாமி அந்தப் பக்கம், கோர்ட் இந்தப் பக்கம்.

அந்த வருடக் கடைசியில் வேறு வேலையாக அவருடைய பான் எண்ணை வருமானவரி இணையதளத்தில் திறக்கப் பார்த்தேன். உள்ளே போக முடியவில்லை. பதிவாகியிருந்த இமெயில், முன்பு ரிட்டர்ன் போட்டுக்கொடுத்த இடத்தில் இருந்த பையனுடையது. அவன் பெங்களூர் போய் மூன்று வருடம் ஆகிறது. ஆதார் ஓ.டி.பி. வைத்துக் கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போனால், நிலுவை: 15,08,832 ரூபாய். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கமா எங்கே விழுகிறது என்று திரையில் விரல் வைத்து எண்ணினார்.

“கோர்ட்டே விட்டுடுச்சு. இவன் யார்றா நடுவுல?”

அந்தக் கேள்விதான் முதல் வழி. பாதிப் பேர் அதிலேயே நின்றுவிடுவார்கள்.

டிஸ்சார்ஜ் உத்தரவைக் காட்டிவிட்டுச் சும்மா இருப்பது

இது வழியே அல்ல. ஆனால் எல்லாரும் நம்புவது இதைத்தான் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர் ஐ.பி. ஓடுவது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ். அதன் 44-ஆம் பிரிவு, டிஸ்சார்ஜ் ஆனால் எந்தக் கடன் போகும், எது போகாது என்று சொல்கிறது. போகாதவற்றில் முதலாவதாக நிற்பது அரசுக்குத் தர வேண்டிய கடன். மோசடியால் வந்த கடனும், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சமும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. சென்னை நகரத்துக்கென்று இருக்கும் 1909 சட்டத்திலும் இதே நிலைதான். கைமாற்றுக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் துண்டை உதறிக்கொண்டு போக வேண்டும். அரசாங்கம் போக வேண்டியதில்லை.

யூடியூபில் 2016 திவால் சட்டத்தைக் காட்டி ‘எல்லாக் கடனும் போகும்’ என்று ஒருவர் பேசுவதைச் சித்தப்பா எனக்கு அனுப்பினார். அந்தச் சட்டத்தில் விலக்கு வைத்த கடன்களின் பட்டியலில் வரி இல்லை என்பது உண்மை. கோர்ட் அபராதம், ஜீவனாம்சம், கல்விக் கடன் போன்றவைதான் இருக்கின்றன. ஆனால் தனி மனிதருக்கான பகுதி 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் அமலுக்கு வந்தது. பன்னிரண்டு தறிக்காரருக்கு அது எட்டாத கிளை.

சும்மா இருந்தால் நடப்பது இதுதான். முப்பது நாள் கழிந்ததும் நிலுவைத் தொகைக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். 15 லட்சத்துக்கு மாதம் 15,000. பிறகு வங்கிக் கணக்கை நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம். வசூல் அதிகாரி ஜப்தி செய்யலாம். ஜப்தியில் தொடக் கூடாதவையும் உண்டு. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் கருவி இவற்றையெல்லாம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு காக்கிறது, வரி வசூலுக்கும் அது பொருந்தும். தாலிக்குப் பயப்பட வேண்டாம் என்று சித்தியிடம் சொல்ல எனக்கு அது உதவியது.

இதையொட்டி இன்னொன்று. இருக்கிற கொஞ்ச நஞ்சத்தை மகன் பேருக்கு எழுதிவிடலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வருமானவரிச் சட்டம் 281-ஆம் பிரிவின்படி நிலுவை இருக்கும்போது செய்த அந்த மாற்றம் துறைக்கு எதிராகச் செல்லாது. பத்திரச் செலவும் போய், யோக்கியன் என்ற பேரும் போகும்.

‘எனக்கு ஒரு ரூபாய்கூட வரலையே’ என்ற வாதம்

மனசுக்கு நியாயமாகப் படுவது இது. வீட்டை விற்றது வங்கி, பணத்தை எடுத்ததும் வங்கி, இதில் எனக்கு என்ன வருமானம்?

உச்ச நீதிமன்றம் 1997-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது, அதுவும் இரண்டு தமிழ்நாட்டு வழக்குகளில். ஜகதீசச்சந்திரன் வழக்கில், அடமானம் வைத்தது நீயே என்றால், அதை அடைக்கப் போன பணத்தை மூலதன லாபத்திலிருந்து, அதாவது சொத்து விற்ற லாபத்திலிருந்து, கழிக்க முடியாது என்றது. அருணாசலம் வழக்கில், அடமானம் முந்தைய சொந்தக்காரர் வைத்தது, நீ சொத்தோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொண்டாய் என்றால், அடைத்த தொகை சொத்தின் அடக்க விலையில் சேரும் என்றது. 2001-இல் ஆந்திராவிலிருந்து போன அட்டிலி என். ராவ் வழக்கில், சாராயக் குத்தகை பாக்கிக்காக அரசே அடமானச் சொத்தை ஏலம் விட்டபோதும் முழு விலைதான் கணக்கு என்று முடிந்தது.

ஆகவே கேட்க வேண்டியது ‘பணம் யாருக்குப் போனது’ என்பதை அல்ல, ‘அடமானம் யார் வைத்தது’ என்பதை. தாத்தா வைத்த அடமானமாக இருந்தால் சித்தப்பாவின் கதையே வேறு. பத்திரத்தைப் புரட்டினேன். கையெழுத்து சித்தப்பாவுடையது. இந்த வாதத்தை நம்பி மேல்முறையீட்டுக்குப் போவது காசைக் கரைப்பது என்று அன்றே முடிவு செய்தோம். பல பேர் இதே வாதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

துறைக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். 30 லட்சமோ அதற்கு மேலோ போகும் அசையாச் சொத்துப் பதிவு எதுவானாலும் சப்-ரிஜிஸ்திரார் அலுவலகம் வருமானவரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வருடம் சித்தப்பா ரிட்டர்னே போடவில்லை. கேட்டு அனுப்பிய நோட்டீஸ்கள் பெங்களூர்ப் பையனின் இமெயிலில் தூங்கின. அதிகாரி ஒருதலையாக உத்தரவு போட்டுவிட்டார்.

முதலில் எந்த எண்

கட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால், கட்ட வேண்டியது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சித்தப்பா விஷயத்தில் இங்கேதான் பாதிக்கு மேல் கரைந்தது, அதனால் இதை நிறுத்திச் சொல்கிறேன்.

உத்தரவில் விற்பனை விலை 42 லட்சம், அடக்க விலை பூஜ்யம். யாரும் பதில் சொல்லாததால் பூஜ்யம். மூத்த குடிமகனுக்கான 3 லட்சம் போக 39 லட்சத்துக்கு 20 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ்: 8,11,200. ரிட்டர்ன் போடாததற்கு மாதம் 1 சதவீதம், முன்கூட்டி வரி கட்டாததற்கு மாதம் 1 சதவீதம் என்று முறையே 41 மாதமும் 45 மாதமும் ஏறி, 86 சதவீதம் வட்டி. அப்படித்தான் 15 லட்சத்தைத் தாண்டியது.

இப்போது சரியான கணக்கு. 2001-க்கு முந்தைய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். ஆனால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் பழைய மார்க்கெட் வேல்யூ சான்று கேட்டு வாங்கினோம். தெலுங்கில் இருந்தது, 8 லட்சம். பழைய விலையை விற்ற வருட விலைக்கு உயர்த்தும் பணவீக்கக் குறியீடு 2001-02-க்கு 100, 2021-22-க்கு 317. அடக்க விலை 25.36 லட்சமாகிறது. லாபம் 16.64 லட்சம். 3 லட்சம் போக வரி, செஸ் சேர்த்து 2,83,712. அதே 86 சதவீத வட்டியோடு சுமார் 5.28 லட்சம்.

15 லட்சம் 5 லட்சமானது. இன்னும் முடியவில்லை. சித்தியின் தகரப் பெட்டியில், சீட்டுக் கம்பெனி பாஸ்புக்குக்கு அடியில், ரப்பர் பேண்ட் இற்றுப்போய் ஒட்டிக்கொண்ட ஒரு கட்டு இருந்தது: 2012-13-இல் மாடி எடுத்தபோது செங்கல், கம்பி, சிமெண்டுக்கு வாங்கிய பில்கள். கார்பன் எழுத்து ஊதாவாக மங்கியிருந்தது, தொகை மட்டும் படிக்க முடிந்தது. மேஸ்திரி கூலிக்குச் சித்தப்பா போட்டு வைத்த கையெழுத்துச் சீட்டுகளும் சேர்த்து 3 லட்சம். அந்த வருடக் குறியீடு 200. ஆக 4.755 லட்சம் இன்னும் கழியும். வரி 1,84,808. வட்டியோடு 3,43,743.

இதில் ஒரு எச்சரிக்கை. வீடாக இருந்ததால் இந்தக் கணக்கு. தொழிலுக்கு வைத்துத் தேய்மானம் கழித்துக்கொண்டிருந்த ஷெட் என்றால் கணக்கு அடியோடு வேறு, குறியீடெல்லாம் கிடைக்காது. அதேபோல் 2024 ஜூலை 23 அன்றோ அதற்குப் பிறகோ ஏலம் போனதென்றால் குறியீடு இல்லாமல் 12.5 சதவீதமா, குறியீட்டோடு 20 சதவீதமா என்று இரண்டும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதை எடுக்க வேண்டும்.

வீடு இல்லாமல் நூல் கடை பாக்கியாலும் இப்படி ஒரு பில் வரலாம். வாங்கிய நூலைச் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொண்டு, பிறகு கடைக்காரர் அந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்தால், தள்ளுபடி ஆன தொகை 41-ஆம் பிரிவின்படி வருமானம். தறியை மூடிவிட்டாலும் விடாது. ஜி.எஸ்.டி. பில் வந்தால் அது வேறு பாதை: மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு, தகராறு உள்ள வரியில் 10 சதவீதம் முன்பணம்.

எண்ணைத் திருத்த மூன்று கதவு

மூன்றில் தவறான கதவைத் தட்டினால் நாள் போய்விடும்.

திருத்த மனு, அதாவது 154-ஆம் பிரிவு, காசில்லாத கதவு. ஆளுக்கு ஆள் முதலில் சொல்வது இதைத்தான், வீட்டிலிருந்தே போடலாம் என்பதால். ஆனால் கோப்பைப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிற தவறுக்குத்தான் அது. கூட்டல் தப்பு, கட்டிய வரியைக் கழிக்காமல் விட்டது, வயதை மறந்தது, அந்த மாதிரி. நம் தகரப் பெட்டி பில் துறையின் கோப்பிலேயே இல்லை. 154-இல் போட்டால் நிராகரிப்பார்கள், அதற்குள் மேல்முறையீட்டுக் கெடு தாண்டிவிடும். ஒருதலை உத்தரவுக்கு இந்தக் கதவு வேண்டாம்.

மேல்முறையீடு: படிவம் 35, நோட்டீஸ் சேர்ந்த 30 நாளுக்குள், நம் போன்றவருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். புதுச் சான்று கொடுக்க இடம் உண்டு. 2024 அக்டோபர் முதல், ஒருதலை உத்தரவை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொல்லி அதிகாரிக்கே திருப்பியனுப்பும் அதிகாரமும் மேல்முறையீட்டு ஆணையருக்கு வந்திருக்கிறது. சித்தப்பா போன்றவருக்கு இது பெரிய வரம். வசூலை நிறுத்தி வைக்கவும் கேட்கலாம். நிலுவையில் 20 சதவீதம் கட்டினால் நிறுத்தி வைப்பது என்பது 2017 முதல், நாங்கள் மனுப் போட்டபோதும், துறையின் நடைமுறையாக இருந்தது. அதற்கும் குறைவாகக் கேட்டால் அதிகாரி மேலே அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. ரிட்டர்னே போடாதவர் மேல்முறையீடு செய்ய, அந்த வருடம் கட்டியிருக்க வேண்டிய முன்கூட்டி வரிக்குச் சமமான தொகையைக் கட்டிவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் தக்க காரணம் காட்டி விலக்குக் கேட்க வேண்டும். பணமில்லாமல்தானே ஐ.பி. போட்டான் என்று சட்டம் தானாக யோசிக்காது. டிஸ்சார்ஜ் உத்தரவின் நகல் உண்மையில் பயன்படும் இடம் இதுதான். வரியை ரத்து செய்ய அது உதவாது, விலக்குக்கும் நிறுத்தி வைப்புக்கும் நிலைமையைக் காட்ட உதவும்.

மூன்றாவது கதவு சீராய்வு, 264-ஆம் பிரிவு. கட்டணம் 500, கெடு ஒரு வருடம். முன்கூட்டிக் கட்டும் நிபந்தனை இல்லை. இருப்பதைவிடப் பாதகமான உத்தரவும் வராது. இத்தனை நல்லது இருந்தும் நான் இதை இரண்டாமிடத்தில்தான் வைப்பேன். மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்தோ கெடு போன பிறகோதான் இதற்குப் போக முடியும். சாதகமாக வராவிட்டால் தீர்ப்பாயம் போக வழியில்லை, ரிட் போட அமராவதி ஹைகோர்ட்தான். மேல்முறையீட்டோடு சேர்ந்து வரும் வசூல் நிறுத்தமும் இதில் கிடையாது. ஆனால் 30 நாள் போனது தெரியாமல் ஐந்தாவது மாதம் விழித்துக்கொண்டவருக்கு இதைவிட நல்ல கதவு இல்லை. மேல்முறையீட்டில் தாமத மன்னிப்பும் கேட்கலாம்தான், ஆனால் இமெயில் பார்க்கவில்லை என்ற காரணத்தை ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் விருப்பம்.

சித்தப்பாவின் நோட்டீஸில் 22 நாள் போய் 8 நாள் மிச்சம் இருந்தது. மேல்முறையீடு என்று அங்கேயே முடிவானது.

எண் சரியாகவே இருந்தால்

உங்கள் உத்தரவில் தொகை நியாயமாக இருக்கிறதென்றால் மேல்முறையீடே போகாதீர்கள். வரியையும் வட்டியையும் நோட்டீஸ் கெடுவுக்குள் கட்டி, மேல்முறையீடு செய்யாமல், உத்தரவு வந்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் படிவம் 68 போட்டால், வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கான 50 சதவீத அபராதத்திலிருந்து விலக்குக் கிடைக்கும். வேண்டுமென்றே பொய்க் கணக்குக் காட்டியவருக்கு இது இல்லை. சித்தப்பாவின் 8.11 லட்ச வரிக்கு அந்த அபராதம் 4 லட்சத்தைத் தாண்டும். அதற்குப் பயந்து 15 லட்சத்தைக் கட்டுவதும் பைத்தியக்காரத்தனம், ஆகவே அவருக்கு இந்த வழி அடைபட்டது. ஒன்றை எடுத்தால் மற்றது கிடையாது என்கிற அளவில்தான் இந்த இரண்டும் இருக்கின்றன.

ஒரேயடியாகக் கட்ட முடியாதவர் கெடு முடிவதற்குள் தவணை கேட்டு 220(3)-இன் கீழ் மனுப் போடலாம். கெடு முடிந்து போடுகிற மனுவுக்கு மதிப்புக் குறைவு. தவணை கொடுத்தாலும் மாத வட்டி ஓடும். பிறகு, உண்மையான கஷ்டம், கைமீறிய காரணம், விசாரணைக்கு ஒத்துழைப்பு என மூன்றும் காட்டினால் நோட்டீஸுக்குப் பின் ஏறிய வட்டியை முதன்மை ஆணையர் குறைக்கவோ தள்ளவோ செய்யலாம். மூன்றாவதில்தான் பலரும் தோற்பார்கள். நோட்டீஸுக்கு ஒரு வரிப் பதில்கூடப் போடாதவர் ஒத்துழைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

கடன் வாங்கிக் கட்டலாமா

நகரியில் வட்டியை நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்றுதான் பேசுவோம். கைமாற்று என்றால் இரண்டு வட்டி, அவசரம் என்றால் மூன்று. இந்தக் கணக்கில் அரசாங்கம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்காரர். 15 லட்சத்துக்கு அவருக்கு மாதம் 15,000, இரண்டு வட்டிக்காரருக்கு 30,000, மூன்று வட்டிக்காரருக்கு 45,000. மேல்முறையீட்டில் தொகை குறைந்தால் அரசாங்க வட்டியும் அதற்கேற்பக் குறையும். மூன்று வட்டிக்காரர் குறைக்க மாட்டார்.

முழுதையும் கட்டிவிட்டுப் பிறகு ஜெயித்தால் திரும்ப வருமே என்பார்கள். வரும், அரை வட்டியோடு. இரண்டுக்கு வாங்கி அரைக்குப் போடுகிற வியாபாரம் அது. நொடித்து எழுந்தவர் மறுபடி விழுவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். வங்கி நகைக் கடன் மட்டும் விதிவிலக்கு. அது ஒரு வட்டிக்குள் அடங்கும், எண்ணும் உறுதியாக இருந்தால் செய்யலாம்.

இன்னும் டிஸ்சார்ஜ் ஆகாதவர்கள் கடன் வாங்கும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். நொடித்தவர் என்று சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவது இன்றைக்கும் அந்தச் சட்டத்தில் குற்றம். 1920-இன் ஐம்பது ரூபாய்.

அவர்களுக்கு இன்னொரு சங்கதி. ஐ.பி. நடந்துகொண்டிருக்கும்போதே வரி பாக்கி தெரியவந்தால் மறைக்காதீர்கள், நொடித்தவர் சொத்தைப் பார்த்துக்கொள்ள கோர்ட் நியமிக்கும் ரிசீவரிடம் சொல்லிக் கடன்காரர் பட்டியலில் துறையைச் சேருங்கள். 1920 சட்டத்தின் 61-ஆம் பிரிவின்படி அரசுக் கடனும் வேலைக்காரர் கூலியும் முதல் வரிசையில் நிற்கும். சொத்து விற்று வந்த பணம் முதலில் வரிக்குப் போனால், டிஸ்சார்ஜில் போகாத கடன் அங்கேயே குறைகிறது. போகிற கடன் எப்படியும் போகும். சித்தப்பாவின் 2022 பட்டியலில் பதினேழு பேர் இருந்தார்கள், வருமானவரித் துறை இல்லை. அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கணக்கு எழுதுகிறவன் நான்.

சித்தப்பா எடுத்தது

நம் கணக்குப்படி வரும் வரி 1,84,808-ஐ மட்டும் கட்டினோம். சித்தியின் வளையலும் செயினும் திருத்தணியில் ஒரு வங்கியில் நகைக் கடனுக்குப் போனது, மிச்சத்தை மகன் கொடுத்தான். அந்தத் தொகையை மேல்முறையீட்டின் முன்கூட்டி வரி நிபந்தனைக்குக் காட்டினோம். நிலுவையில் 20 சதவீதம் என்றால் 3 லட்சத்துக்கு மேல் வேண்டும். அவ்வளவு இல்லை, இதையே ஏற்று வசூலை நிறுத்தி வையுங்கள் என்று தனி மனு. கூடவே டிஸ்சார்ஜ் உத்தரவு, மார்க்கெட் வேல்யூ சான்றும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், மாடி பில்களின் ஸ்கேன். படிவம் 35-ஐ 29-ஆம் நாள் இரவு பத்தரை மணிக்கு ஏற்றினேன். ஊதா பில் ஸ்கேனில் தெரியவில்லை என்று மூன்று முறை வெயிலில் வைத்துப் படம் பிடித்தது அன்று மத்தியானம்.

2026 ஏப்ரல் 1 முதல் புது வருமானவரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய வருடத்துக் கணக்குக்குப் பழைய 1961 சட்டமே பேசும் என்பதால் மேலே சொன்ன எண்களோடுதான் நம் வழக்கு ஓடும்.

இணையதளத்தில் இப்போது சித்தப்பாவின் சொந்த இமெயில் இருக்கிறது. கடவுச்சொல்லைத் தினசரி காலண்டரின் பின் அட்டையில் எழுதி ஆணியில் மாட்டியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை தறிக்கு லீவு. அன்று காலையில் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, “பாரேன், ஏதாச்சும் வந்திருக்கா?” என்பார். பார்க்கிறேன். இந்த வாரமும் ஒன்றும் வரவில்லை.